பெங்களூரு ஃபிளாட்: ஏஜென்ட்டை நிறுத்த வேண்டும், அட்வான்ஸில் ஒரு பகுதி அவர் கையில்

கோவை_ஓனர்:

வணக்கம். சர்ஜாபுர் ரோடு பக்கம் கசவனஹள்ளியில் எங்களுக்கு ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் இருக்கிறது. 2023-ல் கோவைக்கே திரும்பி வந்தபோது வீட்டை ஒரு ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தோம். ஆள் பிடிப்பது, வாடகை வாங்கி அனுப்புவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் எட்டு சதவீதம் கமிஷன், மூன்று வருஷ அக்ரிமென்ட், 2026 மார்ச்சில்தான் முடிகிறது.

இப்போது இருக்கும் டெனன்ட் போன டிசம்பர் 1 அன்று வந்தவர்கள். வாடகை 32,000, அட்வான்ஸ் 1,60,000 என்று ஏஜென்ட் சொன்னார். ஒரு லட்சம் எங்கள் கணக்குக்கு வந்தது, மீதி 60,000 "ரிப்பேர் கிப்பேர் வந்தால் என் கையில் இருக்கட்டும் மேடம்" என்றார். மாதாமாதம் கமிஷன் 2,560, அதற்கு மேல் ஜிஎஸ்டி 460 ரூபாய் 80 பைசா பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். பைசா வரைக்கும் கணக்குக் காட்டுகிறார் பார், இப்படி ஒரு ஆள் கிடைப்பாரா என்று என் கணவர் பெருமைப்பட்டுக்கொள்வார்.

போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மல்லேஸ்வரம் வந்தோம். வந்ததுதான் வந்தோம், வீட்டையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று யாருக்கும் சொல்லாமல் போனேன். அந்தப் பெண் நல்ல மாதிரி, உட்கார வைத்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, நவம்பரிலிருந்து 36,000-க்கு மேல் ஏற்றிவிட மாட்டீர்களே?" என்று கேட்டாள். முப்பத்தாறா என்றேன். அவள் போனில் வைத்திருந்த அக்ரிமென்ட்டைக் காட்டினாள். ஓனர் என்று என் பெயர்தான் இருக்கிறது, கையெழுத்து "எனக்காக" ஏஜென்ட் போட்டது. வாடகை 36,000, அட்வான்ஸ் 1,80,000.

அப்புறம் கை கழுவ பாத்ரூமுக்குப் போனேன். மே மாதம் கீசர் மாற்றியதாக 9,800 ரூபாய்க்கு பில் வந்திருந்தது. சுவரில் இருப்பது பழைய கீசரேதான். கிருகப்பிரவேசத்தன்று என் மாமியார் அதன் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆத்திரத்தில் அங்கிருந்தே ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நிறுத்திவிடுகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம், அக்ரிமென்ட்டில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. அவர் கொண்டுவந்த டெனன்ட் தொடர்ந்து இருந்தால் ரினியூவலுக்கு அரை மாத வாடகை தர வேண்டுமாம், அதுவும் இருக்கிறது. எல்லாவற்றையும் கையிலிருக்கும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாராம். டெனன்ட் அக்ரிமென்ட் இந்த மாதம் 31-ல் முடிகிறது. ஒரு செட் சாவி வேறு அவரிடம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அல்சூர்_ஏரிக்கரை:

அக்கா, போன் போட்டது போட்டதுதான், இனிமேல் அவரிடம் வாயால் ஒன்றும் பேசாதீர்கள். இன்று தேதி 3. அக்டோபர் வாடகையை டெனன்ட் 5-ஆம் தேதி வாக்கில் கட்டுவார்கள், இல்லையா? அதற்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இனிமேல் ஏஜென்ட்டுக்கு என் சார்பில் வாடகை வாங்க உரிமை இல்லை, இந்தக் கணக்கில் போடுங்கள் என்று டெனன்ட்டுக்கு வாட்ஸ்அப், மெயில் இரண்டிலும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எல்லோரும் ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் எழுதுவதிலேயே மும்முரமாக இருப்பார்கள், டெனன்ட்டுக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாதவரை அவர்கள் ஏஜென்ட்டிடம் கட்டும் காசு உங்களிடம் கட்டியதாகத்தான் கணக்கு. எங்கள் மாமா மர்பி டவுன் வீட்டில் இப்படித்தான் இரண்டு மாத வாடகையை விட்டார். ஏஜென்ட்டை நிறுத்தியது அவருக்கும் ஏஜென்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது அசோசியேஷன் ஆபீஸ். அங்கே உங்கள் ஃபிளாட்டுக்கு யாருடைய போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அநேகமாக அவருடையதாகத்தான் இருக்கும். வாசலில் ஆட்களை உள்ளே விடுவதற்கான கேட் ஆப்பிலிருந்தும் அவர் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

பத்துக்குப்பத்து_ரூம்:

டெனன்ட் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. போன வருஷம் மாரத்தஹள்ளியில் எனக்கு நடந்தது இது. திடீரென்று ஒரு தெரியாத நம்பரிலிருந்து "நான்தான் ஓனர், இனிமேல் வாடகையை எனக்கு அனுப்பு" என்று மெசேஜ். ஏஜென்ட்டைக் கேட்டால் "ஃபிராடு, பதிலே போடாதே" என்றார். நான் யாரை நம்புவது? ஏஜென்ட்டுக்கே கட்டினேன். அப்புறம் ஓனர் வந்து கத்தினார். அதனால் மேடம், வெறும் மெசேஜ் மட்டும் போடாதீர்கள். வீட்டு வரி ரசீது, உங்கள் பெயர் இருக்கிற அந்த அக்ரிமென்ட் பக்கம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். நேரில் பார்த்துக் காபி குடித்திருக்கிறீர்கள், அது பெரிய பலம். இன்னொன்று, அட்வான்ஸ் 1,80,000-க்கும் நான் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். எங்கள் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

சட்டப்புத்தகம்_பழசு:

மேலே இருவரும் சொன்னது சரி, அது அப்படியே சட்டத்திலும் இருக்கிறது. 1872 ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்சிக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு, பிரிவு 182-லிருந்து 238 வரை. ஏஜென்ட்டின் அதிகாரத்தை ஓனர் திரும்பப் பெறலாம் என்கிறது 201. அது ஏஜென்ட்டுக்குத் தெரிந்த நேரத்திலிருந்து அவரைக் கட்டுப்படுத்தும், மூன்றாம் மனிதருக்கு அவருக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான், இது 208. அல்சூர் சொன்ன இரண்டு மாத வாடகைக் கதை இந்த ஒரு வரிதான்.

60 நாள் விஷயத்தில் பலரும் குழப்பிக்கொள்வார்கள். நோட்டீஸ் காலம் முடியும்வரை அவர் உங்கள் வாடகையை வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. வாங்காதே என்று இன்றே சொல்லலாம். குறித்த காலத்துக்கு முன்னால் தகுந்த காரணமில்லாமல் நிறுத்தினால் நஷ்டஈடு கேட்க அவருக்கு வழி இருக்கிறது, அது 205. உங்களுக்குக் காரணம் இல்லையா என்ன? வாங்கிய பணம் முழுவதையும் ஓனரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது 218, கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213. முக்கியமானது 220: எந்த வேலையில் தப்பு செய்தாரோ அந்த வேலைக்கு ஏஜென்ட்டுக்குக் கூலி கிடையாது. ரினியூவலுக்கு அரை மாத வாடகை கேட்டால் இதை அவர் முன்னால் வையுங்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். டிசம்பர் முதல் செப்டம்பர் வரை பத்து மாதம், மாதம் 4,000 வீதம் 40,000. அட்வான்ஸில் அவரிடம் நிற்பது 60,000 அல்ல, 80,000. வராத கீசர் 9,800. அவரிடம் ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள், இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. அப்படியானால் இந்தப் பத்து மாதத்துக்கு மட்டும் 4,608. மொத்தம் 1,34,408. கமிஷன் 25,600 தனிப் பேச்சு, அதையும் கேளுங்கள், பேரத்தில் விட்டுக்கொடுக்க ஒன்று வேண்டுமே.

பவர் ஆஃப் அட்டர்னி ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா? பதிவு செய்த பவர் என்றால் அதைப் பதிவு செய்தே ரத்து செய்ய வேண்டும், கடிதம் போதாது. நோட்டீஸைத் தபாலில் அனுப்புங்கள். 2025-ல் ரிஜிஸ்டர்ட் போஸ்ட் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அந்த நீலப் பென்சில் கோடு போட்ட கவருக்குப் பழகிய எனக்கு ஜீரணிக்கவே முடியவில்லை. போகட்டும், ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பி டெலிவரி விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பழைய_புரோக்கர்:

எல்லோரும் சேர்ந்து எங்களை மொத்தமாகத் திருடன் ஆக்கிவிட்டீர்கள், சரி. பதினோரு வருஷம் பெல்லந்தூர் பக்கம் இந்தத் தொழில் பார்த்தவன் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் குழாய் உடைந்தால் கோவையில் இருக்கும் ஓனரா போய் நிற்பார்? எட்டு சதவீதம் அதற்குத்தான். டெனன்ட் கிடைத்ததும் ஏஜென்ட்டைக் கழற்றிவிட்டு நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஓனர்கள் எத்தனை பேர் தெரியுமா, ரினியூவல் கமிஷன் என்ற வரியே அதனால் வந்ததுதான். வர வேண்டிய கூலியைக் கையில் இருக்கும் பணத்தில் பிடித்துக்கொள்ள ஏஜென்ட்டுக்கு உரிமையும் உண்டு, அதே புத்தகத்தில் 217 படியுங்கள் ஐயா.

ஆனால் இவர் செய்தது தொழில் இல்லை. ரேட்டை மறைத்து நடுவில் நாலாயிரம் அடிப்பவன் பிடிபட்டதும் எப்போதும் நோட்டீஸ் பீரியட் பற்றித்தான் பேசுவான். மேடம், போலீஸுக்குப் போகிறேன் என்று முதல் வரியிலேயே எழுதாதீர்கள், விறைத்துக்கொள்வான். "டெனன்ட் வைத்திருக்கும் அக்ரிமென்ட் காப்பி என்னிடம் இருக்கிறது, பத்து நாளில் கணக்கு வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். அவனுக்குப் புரியும். அவன் கையில் இந்த மாதிரி இன்னும் பத்து வீடு இருக்கும், அந்த ஓனர்கள் காதுக்குப் போகக் கூடாது என்ற பயம் இருக்கும்.

சட்டப்புத்தகம்_பழசு:

217 சரிதான், ஒத்துக்கொள்கிறேன். வர வேண்டிய கூலி என்றால்தான் பிடிக்கலாம், 220 வந்தால் வர வேண்டியதே இல்லாமல் போகிறது. போலீஸ் பற்றிச் சொன்னதும் சரி. நம்பிக்கை மோசடிக்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 316 இருக்கிறது, ஏஜென்ட்டுகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கும் உட்பிரிவே உண்டு, ஆனால் ஸ்டேஷனில் முதலில் "சிவில் மேட்டர்" என்றுதான் அனுப்புவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். யாராவது ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, போங்கள் என்பார்கள், அங்கே பதிவாகும் ஏஜென்ட்டுகள் புது புராஜெக்ட் விற்பனைக்கானவர்கள், வாடகைக்கு அது வேலைக்கு ஆகாது.

கோவை_ஓனர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. அன்று ராத்திரியே டெனன்ட்டுக்கு வரி ரசீதோடு அனுப்பிவிட்டேன், அட்வான்ஸுக்கு நான் பொறுப்பு என்றும் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். ஓனர் வீட்டை விற்கப்போகிறார், காலி செய்யச் சொல்வார், அட்வான்ஸும் வராது என்று ஏஜென்ட் அவர்களைப் பயமுறுத்தி வைத்திருந்தாராம். அக்டோபர் வாடகை 36,000 நேராக எங்கள் கணக்குக்கு வந்தது.

பவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, வெறும் அங்கீகாரக் கடிதம்தான், அதை ரத்து செய்து நோட்டீஸ் அனுப்பினேன். பில்லில் ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பான் நம்பர்தான் இருந்தது! என் கணவர் இப்போது அந்த 80 பைசாவைப் பற்றிப் பேசுவதில்லை. ஒன்பதாம் நாள் 80,000 வந்துவிட்டது, ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. வாடகை வித்தியாசத்தில் 25,000 அனுப்பிவிட்டு மீதி "கமிஷனுக்குச் சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். கீசரைப் பற்றி மூச்சே விடவில்லை. மீதிக்கு இன்னொரு கடிதம் போடுவதா, விட்டுவிடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சியாக இருக்கிறோம்.

சாவியைக் கொரியரில் அனுப்பிவிட்டார். டூப்ளிகேட் போட்டு வைத்திருப்பாரோ என்று டெனன்ட் கேட்கிறார்கள். மொத்தப் பூட்டையும் மாற்ற வேண்டுமா?

அல்சூர்_ஏரிக்கரை:

வேண்டாம் அக்கா. மெயின் டோரில் கோத்ரேஜ் மாதிரிப் பூட்டு என்றால் உள்ளே இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், கதவில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. டெனன்ட்டையே பக்கத்துக் கடையில் ஆள் பிடித்து மாற்றச் சொல்லிவிட்டு பில்லை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகு கதவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கீசர் ஞாபகம் இருக்கட்டும்.