கீ எழுதும் புரோகிராமின் பழைய வேர்ஷன்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

மரைன் டிரைவ்:

டொங்கிள், அதாவது கொம்பியூட்டரில் செருகினால்தான் புரோகிராம் ஓடும் அந்தச் சின்ன லைசன்ஸ் கீ, இங்கே யாருக்கும் புதிதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2011. நான் வேலை செய்த கம்பனி சம்பளப் புரோகிராம் விற்றது. 112 பைட் மெமரி உள்ள, ஹாஸ்ப் என்ற பிராண்டின் கீ. அதற்குள் வாடிக்கையாளர் இலக்கம், எத்தனை ஊழியர், காலாவதித் திகதி எல்லாவற்றையும் எழுத நாங்களே ஒரு சின்னக் கீ ரைட்டர் செய்து வைத்திருந்தோம். அதன் 3.0 வேர்ஷனில் திகதியை 24ஆம் பைட்டிலிருந்து 32ஆம் பைட்டுக்குத் தள்ளினோம். ஒவ்வொரு வேர்ஷனிலும் மாறியதைக் குறிக்கும் ஹிஸ்டரி ஃபைலில் தெளிவாக இருந்தது: "சம்பளப் புரோகிராம் 5.2க்கு முந்தியது என்றால் 2.6 கீ ரைட்டரையே பாவிக்கவும்." அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான்.

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் ஒரு தையல் தொழிற்சாலை. சம்பள நாளுக்கு முந்தின நாள் கீயைப் புதுப்பிக்கப் போனேன். அங்கே ஓடியது 4.8. நான் 3.0இல் எழுதினேன். பழைய புரோகிராம் 24ஆம் பைட்டைப் பார்த்தது, அங்கே வெறும் பூச்சியம். உரிமம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்களின் சம்பளம், ஈ.பி.எஃப். சேமலாப நிதிக் கணக்கு, எல்லாம் உள்ளே.

கணக்குப் பார்த்த அன்ரி சத்தம் போடவில்லை. "தம்பி, காலமை வரைக்கும் நல்லா ஓடினது. நீங்கள் தொட்டதுக்குப் பிறகுதானே இப்பிடி?" என்று மட்டும் கேட்டார். பிழை எங்கே என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். என் பென் டிரைவில் 2.6 இருந்தது. மேசைக்குக் கீழே குனிந்து, கீயைப் பின்பக்கப் போர்ட்டில் செருகி, 2.6ஆல் திரும்ப எழுதினேன். ஓடியது. எழும்பி நின்று, "முன் போர்ட் பழுது அன்ரி, இனிப் பின்னாலேயே போடுங்கோ" என்றேன்.

நான்கு வருஷம் கழித்து வேறொரு வேலையாக அதே கந்தோருக்குப் போனேன். கொம்பியூட்டர் புதிது. கீ பழையது. அதில் நூலால் கட்டிய ஒரு சின்ன மட்டை. ஒரு பக்கம் கீயின் சீரியல் இலக்கம். மறுபக்கம் அந்த அன்ரியின் உருண்டை எழுத்தில்: "பின் போர்ட்டில் மட்டும் போடவும்." அன்ரி பென்ஷன் எடுத்துப் போய்விட்டார். அவர் இடத்தில் இருந்த பிள்ளை மேசைக்குக் கீழே முழங்காலில் இருந்து கீயைச் செருகிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இன்றைக்கும் அந்த மட்டை கண்ணில் நிற்கிறது. இப்படி ஒரு வேர்ஷன் மாற்றம் யாருக்காவது இடித்திருக்கிறதா?

நூல்கண்டு:

எங்களுக்குத் தேவையான வேர்ஷன் கிடைக்காமல்தான் இடித்தது, மரைன் டிரைவ் நானா.

கெய்சர் வீதிக்குப் பக்கத்தில் வாப்பாவுக்கு எம்பிராய்டரிக் கடை. ஸ்கூல் பட்ச், தொப்பி, கம்பனி டீசேர்ட். டிசைன் போடும் சொஃப்ட்வெயருக்கு எல்.பி.டி. போர்ட்டில், அதாவது பழைய பிரின்டர்களின் பெரலல் போர்ட்டில், போடும் கீ, 25 பின், ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் சப்போர்ட் நிறுத்தியது, அந்த வருஷமே எங்கள் பழைய கொம்பியூட்டரும் செத்தது. புது கொம்பியூட்டரில் எல்.பி.டி. இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் யூ.எஸ்.பி.யிலிருந்து பெரலல் ஆக்கும் வயர் தந்தார்கள். பிரின்டர் ஓடியது, கீ மட்டும் இல்லை. பிறகுதான் விளங்கியது: அந்த வயருக்குப் பிரின்டரோடு கதைக்க மட்டும்தான் தெரியும். கீ அப்படி இல்லை, சொஃப்ட்வெயர் போர்ட்டின் முகவரியை, 378 என்கிற அந்த ஹெக்ஸ் நம்பரை, நேரே தட்டிப் பார்க்கிறது. அந்த வயரில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

கொம்பியூட்டருக்குள் பூட்டிப் பெரலல் போர்ட் எடுக்கும் பி.சி.ஐ. கார்ட் வாங்கிப் போட்டோம். போர்ட் வந்தது, முகவரி வேறு. கீயைப் பார்க்கும் புரோகிராமுக்கு 378ஐ விட்டால் வேறு உலகம் தெரியாது. ஏஜென்ட் ஒரு போட்டோகொப்பி கொண்டு வந்தார், அந்தப் புரோகிராமின் வேர்ஷன் லிஸ்ட். அதில் நடுவில் ஒரு வரி: இந்த வேர்ஷனிலிருந்து போர்ட் முகவரியைக் கையால் கொடுக்கலாம். வாப்பா அந்த வரியில் விரலை வைத்தபடி, "இதுதானே வேணும், இதத் தாங்க" என்றார். ஏஜென்டிடம் இருந்தது அதற்கு முந்தின வேர்ஷன். புதியதை வெளிநாட்டு ஆபீஸ் அனுப்ப மூன்று கிழமை. டிசம்பர் மாசம். ஜனவரியில் ஸ்கூல் தொடங்கும், பட்ச் ஓடர் எல்லாம் தலைக்கு மேல்.

அந்த மூன்று கிழமையும் வாப்பா தினம் காலையில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் நனைத்து, கீயின் 25 பின்னையும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அதில் பிழை இல்லை என்று நான் எத்தனை தரம் சொன்னாலும். துடைத்து, கண்ணாடி அலுமாரியில் தங்க நூல் ரீலுக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரு கீ போனால் சொஃப்ட்வெயரே போச்சு, சொஃப்ட்வெயர் போனால் மெஷின் வெறும் இரும்பு. அவர் பயம் அது.

பழைய புரோகிராமர்:

மரைன் டிரைவ் தம்பிக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வேர்ஷன் மாற்றம் உங்களை இடிக்கவில்லை. மெமரி அமைப்பை முதன்முதல் போட்ட அன்றைக்கே முதல் பைட்டில் ஓர் அமைப்பு எண் போட்டு, புரோகிராமும் அதைப் பார்க்கும்படி செய்திருந்தால், பழைய புரோகிராம் பூச்சியத்தைத் திகதியாக வாசித்திராது. கீ ரைட்டரும் எழுதுவதற்கு முன் கீயை வாசித்து, "இது பழைய அமைப்பு, நிச்சயமா?" என்று கேட்டிருக்கும். ஹிஸ்டரி ஃபைலில் எச்சரிக்கை எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்ததுதான் பிழை. வாடிக்கையாளர் முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்பவன் ஹிஸ்டரி ஃபைலைத் திறக்க மாட்டான், எழுதியவனே ஆனாலும்.

நூல்கண்டு, பிரின்டரைக் கீயின் பின்னால் பூட்டியிருந்தால் பிரின்டரை ஓன் செய்து வைத்திருந்தீர்களா? பெரலல் கீக்களுக்கு மின்சாரம் அந்தப் போர்ட்டின் சிக்னல் கம்பிகளிலிருந்தே வரும். அணைந்த பிரின்டர் அதை உறிஞ்சிவிடும்.

இனி எல்லோருக்கும். முதலாவது, எழுதுவதற்கு முன் கீயின் நிலையை ஃபைலாக எடுத்து வையுங்கள். ஹாஸ்பின் பிந்திய தலைமுறையான எஸ்.ஆர்.எம். வந்த பிறகு அதற்கு சீ-டூ-வீ என்று பெயர். வாடிக்கையாளரிடமிருந்து வருவது அது, நீங்கள் திருப்பி அனுப்புவது வீ-டூ-சீ. அந்த வீ-டூ-சீ அந்த ஒரு கீக்குத்தான், அதுவும் பின்னோக்கி ஏறாது. உள்ளே ஓர் எண்ணி இருக்கிறது, பிந்திய ஃபைலைப் போட்ட பிறகு முந்தியதைப் போட்டால் தள்ளிவிடும். இரண்டாவது, பழைய டிரைவர், பழைய ரைட்டர் எதையும் அழிக்காதீர்கள். பிறகு தேடினால் எந்தப் பெயரில் தேடுவது என்றே தெரியாது. ஹாஸ்பை விற்றது இஸ்ரேலின் அலடின். அது 2009இல் கைமாறி, பிறகு சேஃப்நெட் கம்பனியோடு சேர்ந்தது. சேஃப்நெட்டை 2015இல் ஜெமால்டோ எடுத்தது, ஜெமால்டோவை 2019இல் தாலெஸ் எடுத்தது. ரெயின்போ என்ற கம்பனியின் சென்டினல் கீ 2004இலேயே சேஃப்நெட்டுக்குள் வந்திருந்தது, பிறகு ஹாஸ்பும் சென்டினல் என்ற பெயருக்குள் போனது. கையில் இருக்கும் கீ ஒன்றுதான், டவுன்லோட் பக்கத்தின் தலைப்பு மட்டும் நான்கு தரம் மாறிவிட்டது.

அதற்காகப் பழைய டிரைவரையே வாடிக்கையாளரின் கொம்பியூட்டரில் விட்டு வைக்கவும் கூடாது. 2018இல் வைரஸ் தடுப்பு சொஃப்ட்வெயர் செய்யும் காஸ்பர்ஸ்கை ஆட்கள், அந்த டிரைவரோடு ஏறும் லைசன்ஸ் மனேஜரில் 14 பாதுகாப்பு ஓட்டைகளை வெளியிட்டார்கள். டிரைவர் ஏறும்போது விண்டோஸ் ஃபயர்வோலில் 1947ஆம் நெட்வேர்க் போர்ட்டைத் திறந்துவிடுகிறது, கீயைக் கழற்றிய பிறகும் அது திறந்தே கிடக்கிறது. ஆகவே பழையதை அலுமாரியில் வையுங்கள், புதியதை மெஷினில் போடுங்கள்.

என் கதை சின்னது. 2022 ஜூனில் இலங்கையில் வற் வரி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது. பெட்ரோல் இல்லாத காலம், யாரிடமும் போக முடியவில்லை. அந்த மாற்றங்களுக்காக எல்லாக் கீயையும் வாட்ஸ்அப்பில் ஃபைல் வாங்கியே புதுப்பித்தேன். ஒருவர் செப்டெம்பர் ஃபைலை முதலில் போட்டுவிட்டு, ஜூன் ஃபைல் ஏறவில்லை என்று இரவு 11 மணிக்கு அழுதார். அவருக்கு ஜூன் ஃபைல் தேவையே இல்லை. அதை விளங்க வைக்க ஒரு மணித்தியாலம்.

நூல்கண்டு:

கீயின் பின்னால் பிரின்டர் பூட்டவே இல்லை. நான் உதவி கேட்டு எழுதவில்லை ஐயா, அது நடந்து முடிந்த கதை.

கணக்குப்பிரிவு:

நான் புரோகிராம் தெரிந்தவள் இல்லை. கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியத்தில் 19 வருடம் கணக்கு எழுதினேன். கீயைக் காலையில் போட்டு மாலையில் கழற்றி, காசுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவள் நான்.

மரைன் டிரைவ் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் கந்தோரிலும் அதே வசனம் சொல்லப்பட்டது. எங்களுக்கு வந்தவர் வேறு கம்பனி, வேறு ஆள். "பின்னாலதான் போடணும் மிஸ், முன்னால போட்டா கீ எரிஞ்சிடும்." நான் சேலை கட்டுகிறவள். தினம் காலையில் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, தூசிக்குள் தடவி, டோர்ச் அடித்துப் போட்டேன். 2022இல் கரண்ட் மணிக்கணக்காகப் போன நாட்களில், கரண்ட் போகும்போதெல்லாம் கீ எரிந்துவிடும் என்ற பயத்தில் இருட்டில் கழற்றி, வந்ததும் திரும்பப் போட்டேன். சில நாள் நான்கு தரம். முழங்கால் வலி அப்போது தொடங்கியது. அன்றைக்கு எங்களுக்கு உண்மையாகவே போர்ட் பழுதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. படித்த பிள்ளை சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

பழைய புரோகிராமர் ஐயா, முதல் பைட்டில் எண் போடுவது பற்றி நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தம்பி கேட்டது பைட்டைப் பற்றி இல்லை.

"நான் பிழையான வேர்ஷனால எழுதிட்டேன் மிஸ், பத்து நிமிஷம் தாங்க" என்று சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்திருப்போம்.

பழைய புரோகிராமர்:

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. முன் போர்ட்டில் போட்டாலும் கீ எரியாது. சில பெட்டிகளில் முன்பக்க வயர் தரமில்லாததால் கீ பிடிபடாமல் போவதுண்டு, அவ்வளவுதான். உங்களுக்கு யார் சொன்னாரோ, அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு நீட்டு வயர் 300 ரூபாவுக்குக் கிடைத்த காலம் அது. வாங்கி மேசை மேலே கொண்டுவந்து தந்திருக்கலாம்.

மரைன் டிரைவ்:

கணக்குப்பிரிவு அக்கா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியவில்லை.

இன்று காலை இரத்மலானைக்குப் போன் பண்ணினேன். அதே சம்பளப் புரோகிராம், அதே கீ. எடுத்தது வேறொரு பிள்ளை. முன்னாலும் போடலாம், அதில் ஒரு பழுதும் இல்லை என்றேன். "அப்ப ஏன் சேர் இப்பிடி எழுதிக் கட்டியிருக்கு?" என்று கேட்டது. 2.6, 3.0, நான் எழுதிய வரி, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரியின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். தேடித் தருவதாகச் சொன்னது.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "மட்டையைக் கழட்டிப் போடவா சேர்?"

கழட்ட வேண்டாம், மற்றப் பக்கத்தில் சீரியல் இலக்கம் இருக்கிறது, அது வேணும் என்றேன். அந்த வரியை மட்டும் பேனையால் வெட்டிவிடச் சொன்னேன்.