எஸ்ஸெரேயா, அவேரேயா? இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கார்த்தா தி சொஜ்ஜோர்னோவுக்கு (நீண்டகால வதிவிட அனுமதி) இத்தாலிய மொழியில் ஏ2 நிலை, குடியுரிமைக்கு அதற்கு அடுத்த பி1 நிலை கேட்கிறார்கள். எந்தத் தேர்வானாலும் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ (துணைவினையோடு வரும் இறந்தகாலம்) இல்லாமல் நேற்று என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுத முடியாது. அதில் எல்லாரும் தடுமாறுவது எஸ்ஸெரே (இருத்தல்), அவேரே (வைத்திருத்தல்) என்ற இரண்டில் எந்தத் துணைவினை போடுவது என்பதில்தான். "நான்" என்றால் எஸ்ஸெரே "சோனோ" ஆகும், அவேரே "ஓ" ஆகும்; "அது" என்றால் எஸ்ஸெரே "ஏ" ஆகும்.

"போவது வருவது என்றால் எஸ்ஸெரே" என்று சொல்லிக்கொடுப்பார்கள். பாதிதான் சரி. நடப்பதும் பயணம் செய்வதும் அசைவுதான், ஆனாலும் ஓ கம்மினாத்தோ, ஓ வியஜ்ஜாத்தோ என்று அவேரேதான் வரும். தூங்குவதற்கும் ஓ தோர்மீத்தோ.

நான் சொல்லும் வரிசை வேறு. வினைக்கு முன்னால் மி, தி, சி என்று தன்னையே குறிக்கும் சொல் இருக்கிறதா? இருந்தால் யோசிக்காமல் எஸ்ஸெரே: மி சோனோ அல்ட்சாத்தோ (எழும்பினேன்). இல்லையென்றால் "எதை, யாரை" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அவேரே: ஓ மஞ்சாத்தோ இல் பானே (பாண் சாப்பிட்டேன்). செயப்படுபொருள் பாடம் கடைசியில் இங்கேதான் உதவுகிறது! இரண்டும் இல்லையென்றால் மனப்பாடம்தான்: அந்தாரே (போதல்), வெனிரே (வருதல்), அர்ரிவாரே (வந்துசேர்தல்), பர்த்திரே (புறப்படுதல்), நாஷெரே (பிறத்தல்), மொரிரே (இறத்தல்), ரெஸ்தாரே (தங்குதல்), திவெந்தாரே (ஆகுதல்) எல்லாம் எஸ்ஸெரே. கொஸ்தாரே (விலையாதல்), பியச்சேரேயும் (பிடித்தல்) அப்படியே; விலையைச் சொல்ல "ஏ கொஸ்தாத்தோ".

எஸ்ஸெரே வந்தால் கடைசி எழுத்து ஆளைப் பார்த்து மாறும். ஆண் அந்தாத்தோ, பெண் அந்தாத்தா. பலர் என்றால் அந்தாத்தி, எல்லாரும் பெண்கள் என்றால் அந்தாத்தே.

வேலைத்தலத்தில் கவனிக்க வேண்டியது ஃபினீரே (முடித்தல், முடிதல்). வேலை முடிந்ததா என்று கேட்டால் "ஓ ஃபினீத்தோ" என்று சொல்லுங்கள். "சோனோ ஃபினீத்தோ" என்றால் என் கதை முடிந்தது, நான் தொலைந்தேன் என்று அர்த்தம். சிரித்துவிடுவார்கள். ஆனால் வகுப்பே முடிந்தது என்றால் "இல் கோர்ஸோ ஏ ஃபினீத்தோ" சரி. எதையோ முடித்தோமா, தானாக முடிந்ததா என்பதுதான் வித்தியாசம்.

தொவேரே (செய்ய வேண்டியிருத்தல்), பொதேரே (செய்ய முடிதல்) வந்தால் பின்னால் வரும் வினையைப் பாருங்கள்: ஓ தொவூத்தோ லவொராரே (வேலை செய்ய வேண்டியிருந்தது), சோனோ தொவூத்தோ அந்தாரே (போக வேண்டியிருந்தது). தெருவில் "ஓ தொவூத்தோ அந்தாரே" என்றும் கேட்பீர்கள். தேர்வில் சோனோவே எழுதுங்கள்.

சிசிலியில் உள்ள பலெர்மோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே காலையில் நடந்ததற்குக்கூட பஸ்ஸாத்தோ ரெமோத்தோவில் (துணைவினை இல்லாத இன்னொரு இறந்தகாலம்) பேசுவார்கள். "மஞ்சாஸ்தி?" என்று கேட்டால் பதறாதீர்கள், சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார்கள். "ஓ மஞ்சாத்தோ" என்று பதில் சொன்னால் போதும்.