சைட்டுக்கு சைட் வேலை நேரம்: ராத்திரி ஷிப்டை எப்படிப் போடுவது?

ரிங்ரோடு_பிளாண்ட்:
வணக்கம். பெங்களூரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் மெஷின்களைக் கவனிக்கிற வேலை எனக்கு. சர்ஜாபுர ரோட்டில் அபார்ட்மெண்டுக்கு பேஸ்மெண்ட் தோண்டுகிறோம், காலை 8 முதல் மாலை 6 வரை. அவுட்டர் ரிங் ரோட்டில் வடிகால் வேலை. பகலில் அங்கே ஒரு லேனை மறிக்க முடியுமா? அதனால் இரவு 10 முதல் காலை 5 வரைதான்.

மெஷின் எங்கே, எப்போது ஓடுகிறது என்று ஜிபிஎஸ் வழியாகக் கண்காணிக்கிற மென்பொருளில் கம்பெனி முழுக்க 8–6 என்று ஒரே வேலை நேரம் போட்டு வைத்திருக்கிறார்கள். ரிங் ரோட்டில் பொக்லைன் ராத்திரி முழுக்க மண் அள்ளுகிறது, ரிப்போர்ட்டில் பயன்பாடு பூஜ்யம். அந்த ஆபரேட்டர் அதைப் பார்த்து நொந்து போயிருக்கிறார். எனக்கோ விடிய விடிய 'வேலை நேரத்துக்கு வெளியே இன்ஜின் ஓடுகிறது' என்று அலர்ட். இதற்கு நடுவில் சர்ஜாபுராவில் யாராவது மெஷினைத் திருட்டுத்தனமாக வெளிவேலைக்கு ஓட்டினால் என் கண்ணில் படவே படாது. சைட் வாரியாக நேரத்தை மாற்றினால் சர்வீஸ் கணக்கு குழம்புமா?

டிப்பர்தாசன்:
சர்வீஸைப் பற்றிக் கவலை வேண்டாம் சார். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்கிற சர்வீஸ், இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டுகிற ஹவர் மீட்டரைப் பார்த்து வருவது. இன்ஜின் எப்போது ஓடினாலும் அது ஏறும். வேலை நேரம் என்பது பயன்பாட்டு சதவீதத்துக்கும் அலர்ட்டுக்கும் மட்டும்தான். 6 மணி நேரம் ஓடிய மெஷின் 10 மணி நேர ஷிப்டில் 60 சதவீதம். நேரமே போடாமல் 24 மணி நேரமும் திறந்து விட்டால் அதே உழைப்பு 25 சதவீதமாகத் தெரியும். முதலாளி அதைப் பார்த்து மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்வார்.

ஒவ்வொரு சைட்டுக்கும் மென்பொருளின் மேப்பில் ஜிபிஎஸ் எல்லை வரைந்து, அந்த எல்லைக்கு நேரத்தைப் போடுங்கள். மெஷின் இடம் மாறினால் நேரமும் தானாக மாறும்.

ராத்திரி ஷிப்டில் ஒரு சிக்கல் உண்டு. 22:00 முதல் 05:00 என்று போட்டால் சில மென்பொருள் ஏற்காது. அப்போது திங்கள் 22:00–24:00, செவ்வாய் 00:00–05:00 என்று உடைத்துப் போடுங்கள். திங்கள் முதல் சனி வரை ராத்திரி வேலை என்றால் ஞாயிறு விடியற்காலைக்கும் 00:00–05:00 வேண்டும். திங்கள் விடியற்காலைக்கு வேண்டாம். பலரும் தவற விடுகிற இடம் இது.

ஒயிட்ஃபீல்ட்_மெக்கானிக்:
சைட்டின் டைம் ஜோனையும் பாருங்கள். அது யுடிசி-யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிற உலகப் பொது நேரம்) கிடந்தால், நீங்கள் போடுகிற 8–6 நம் கடிகாரத்துக்கு மதியம் 1:30 முதல் இரவு 11:30 வரை ஆகிவிடும். பகல் சைட்டில் தினமும் சரியாக 1:30 வரை அலர்ட் வந்து நின்றால், இதுதான் காரணம்.

ரிங்ரோடு_பிளாண்ட்:
ரொம்ப நன்றி. ரிங் ரோட்டுக்கு உடைத்துப் போட்டேன், அலர்ட் நின்றுவிட்டது. டைம் ஜோன் சரியாகவே இருக்கிறது. சர்ஜாபுராவில் இன்னும் இரண்டு விஷயம். தண்ணீர் இறைக்கிற பம்பும் ஜெனரேட்டரும் ராத்திரியும் ஓடும். அப்புறம் ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் வருகிற அஸ்திவாரப் பலகை) கான்கிரீட் போடுகிற நாளில் வேலை இழுத்துக்கொண்டே போகும். பேசாமல் 8 முதல் நடுராத்திரி வரை என்று வைத்துவிடலாமா?

டிப்பர்தாசன்:
வேண்டவே வேண்டாம் சார். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் தனியாக 24 மணி நேரம் கொடுங்கள். கான்கிரீட் நாளுக்கு அந்த ஒரு தேதிக்கு மட்டும் விலக்கு போடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ராத்திரிக் கணக்கு, குடியிருப்புப் பகுதியில் வரம்பு 45 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்வதற்கு முன் உங்களுக்கு அலர்ட் வர வேண்டாமா?

ஆயுத பூஜையை விடுமுறையாகக் குறித்தாலும் காலையில் ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற எல்லா வண்டியையும் ஸ்டார்ட் செய்வார்கள்.