குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும் கூட்டத்தில் யோபு புத்தகம் நடத்துவது எப்படி?

பனையோலை (கேள்வி):
லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஐந்து வாரம் வேதபாடம், யோபு புத்தகம்: நீதிமானாக இருந்தும் சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்தவரின் கதை. வருகிறவர்களில் சமீபத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தம்பதியும் உண்டு. தேவன் நல்லவர் என்றால் பாவமறியாத பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கேட்பார்கள். 42 அதிகாரங்களை எப்படிப் பிரிப்பது? எதைச் சொல்லக் கூடாது?

முல்லைவனம்:
2ஆம் அதிகாரத்திலிருந்து நேரே 42க்குத் தாவிவிடாதீர்கள். யோபு வாய்விட்டுப் புலம்புவதும் தேவனையே வழக்குக்கு இழுப்பதும் நடுவில்தான். முதல் வாரம் 1–3. அடுத்து, ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்கள் பேசும் 4, 8, 11. யோபுவின் பதிலுக்கு 7, 13. மூன்றாவது வாரம் 21, 24. பிறகு தேவன் பேசும் 38, 39. கடைசியில் 42. பிற்பாடு பேச வரும் இளைஞன் எலிகூவின் 32–37ஐச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 24ஐ விட்டுவிடாதீர்கள், பசியோடு அடுத்தவர் கதிர்க்கட்டைச் சுமக்கும் ஏழைகளுக்காக யோபு அங்கே நியாயம் கேட்கிறார்.

பெரிய ஆபத்து, யார் பேசுகிறார் என்று பார்க்காமல் வசனத்தை எடுப்பது. "உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (8:7) வாக்குத்தத்த அட்டைகளில் வரும் வசனம். சொன்னவர் அந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத். மூன்று வசனம் முன்னால், 8:4இல், பிள்ளைகள் செத்தது அவர்கள் பாவத்தால் என்று பெற்ற தகப்பனிடமே பேசியவரும் அவர்தான். அந்தத் தாய் வீட்டுக்குப் போய் அதை வாசித்தால் என்ன ஆகும்? நண்பர்கள் பேசியது சரியில்லை என்று 42:7இல் தேவனே கடிந்துகொள்கிறார். ஒவ்வொரு அதிகாரத்தின் ஓரத்திலும் பேசுகிறவர் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கடலோரம்:
"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" (1:21) துக்க வீட்டில் எல்லோரும் சொல்வது. அது பறிகொடுத்தவரே சொன்ன வார்த்தை. பக்கத்தில் நிற்கிறவர் அதை அவரிடம் சொன்னால் அழுகையை அடக்குவதாகிவிடும். நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் 2:13இல் இருக்கிறது: ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்தது.

யோபு இழந்தது இரட்டிப்பாகத் திரும்பும் 42இல் ஆடுகள் 7,000 போய் 14,000 வருகின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். முந்தின பத்துப் பேர் பரலோகத்தில் இருப்பதால்தான் இரட்டிப்பு இல்லை என்பார்கள்; வேதம் அப்படிச் சொல்லவில்லை. "இன்னொன்று பிறக்கும்" என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

பனையோலை:
தேவன் பேசும் 38இலும் துன்பத்துக்குக் காரணம் இல்லையே? கேட்டால் என்ன சொல்வது?

முல்லைவனம்:
இல்லை என்றே சொல்லுங்கள். யோபுவைச் சோதிப்பதைப் பற்றித் தொடக்க அதிகாரங்களில் தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் தேவன் வந்தார், யோபுவோடு பேசினார், யோபுவைக் குற்றம் சாட்டியவர்கள்மேல் கோபப்பட்டார். தேவன் நல்லவர் என்று நான் நம்புவது இதை வைத்துத்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொன்னதையும் (லூக்கா 13:4) சேர்த்து வாசியுங்கள். பிறவிக் குருடன் ஒருவன் அப்படிப் பிறந்தது தேவனுடைய கிரியைகள் வெளிப்படவே என்று இயேசு சொல்லும் யோவான் 9:3ஐ மட்டும் இங்கே பயன்படுத்த வேண்டாம். அந்தக் குருடனுக்குப் பார்வை கிடைத்தது, இவர்கள் பிள்ளை திரும்பி வரவில்லை.

கடலோரம்:
மூன்றாவது வாரம் ஜெபத்துக்குப் பதிலாக 88ஆம் சங்கீதம் வாசிக்கலாம். ஸ்தோத்திரம் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. வேறு யாராவது வாசிக்கட்டும், அந்தத் தம்பதியை வாசிக்கச் சொல்லாதீர்கள்.