பி பிளாக் குடும்பங்கள், செந்தூல்: அந்த நாலு ஆப்

லோகா டீச்சர் (8-2): [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! அமெரிக்க நீதிமன்றம் இணைய சுதந்திரத்தை ரத்து செய்துவிட்டது. அடுத்த மாதம் முதல் மலேசியாவிலும் வாட்ஸ்அப்புக்குத் தனிக் காசு, யூடியூப்புக்குத் தனிக் காசு. உடனே பத்து பேருக்கு அனுப்பவும்.

லோகா டீச்சர் (8-2): ஈப்போ அக்கா அனுப்பினார். உண்மையா?

முனியாண்டி அங்கிள் (3-4): நான் அனுப்பியாச்சு 🙏

கவின் (11-5): ஐயோ அங்கிள், நிறுத்துங்கள். நீதிமன்றம் வரைக்கும் உண்மை. மலேசியா என்று வரும் இடத்திலிருந்து கட்டுக்கதை.

கவின் (11-5): விஷயம் இதுதான், பெயர் நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலை. லைன் கொடுக்கிற கம்பெனி, அதில் என்ன போகிறது என்று பார்த்து ஒன்றை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் விடக் கூடாது. அமெரிக்காவில் இதை 2015இல் ஒபாமா காலத்தில் விதியாகப் போட்டார்கள். 2017 டிசம்பரில் டிரம்ப் காலத்தில் எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் பைடன் காலத்தில் திரும்பவும் போட்டார்கள். 2025 ஜனவரி 2ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி விதி போட அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு (எஃப்சிசி) அதிகாரமே இல்லை என்று தள்ளிவிட்டது. கலிபோர்னியாவில் மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. இதில் எதுவும் செந்தூல் வரைக்கும் வராது.

ராஜூ அங்கிள் (5-1): சரி தம்பி, கேபிள் போட்டவன் காசு கேட்டால் என்ன தப்பு? ஹைவேயில் லாரிக்கு ஒரு டோல், காருக்கு ஒரு டோல் கட்டுகிறோமே. ராத்திரி ஆனால் எல்லோரும் படம் பார்க்கிறார்கள், லைன் நிரம்பிவிடுகிறது. யார் அதிகம் அடைக்கிறார்களோ அவர்கள் கொடுக்கட்டும்.

கவின் (11-5): லாரிக்கு அதிகம் வாங்கட்டும் அங்கிள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஒரு விலை, 500க்கு ஒரு விலை. அது நியாயம். ஆனால் லாரியை நிறுத்தி, உள்ளே எந்தக் கடைச் சரக்கு என்று பார்த்து, எனக்குக் காசு கொடுத்த கடை என்றால் தனி லேன், மற்றவனுக்கு ஜாம் என்றால்? நாம்தான் ஏற்கெனவே மாதாமாதம் டோல் கட்டுகிறோம். இன்னொன்று, நெட்ஃபிளிக்ஸ் மாதிரி பெரியவர்கள் தங்கள் சொந்த சர்வரையே கம்பெனிக்காரர்களின் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள், தூரத்திலிருந்து இழுக்க வேண்டாம் என்று. லைன் நிரம்புகிறது என்று சொல்வதில் பாதி வியாபாரப் பேச்சு.

ராஜூ அங்கிள் (5-1): பாதிதானே வியாபாரம். மீதிப் பாதிக்கு யார் கட்டுவது?

ஆதவன் (9-1): கேம் லைவ் காட்டும் டுவிட்ச் கொரியாவை விட்டுப் போனது இதனால்தானே அண்ணா?

கவின் (11-5): ஆமாம். அங்கே வீடியோ கம்பெனிகள் லைன்காரர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு ஆகிறது என்று டுவிட்ச் தலைவர் டான் கிளான்சி சொன்னார், 2024 பிப்ரவரியில் கடையை மூடிவிட்டார்கள். ராஜூ அங்கிள் கேட்ட ஊர் அதுதான் 😄

ராஜூ அங்கிள் (5-1): டுவிட்ச் போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆதவன் (9-1): எனக்கு இருக்கிறது அங்கிள்.

செயலாளர் சேகர் (6-6): நல்ல நேரத்தில் பேச்சு வந்தது. ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) வைக்கப்போகும் ஒரு விஷயம். ஒரு கம்பெனி வந்து பேசிவிட்டுப் போனார்கள். மாதம் 59 வெள்ளி, 300 எம்பிபிஎஸ், மோடம் இலவசம். நாலு ஆப் எவ்வளவு பார்த்தாலும் கணக்கில் சேராது. மற்றது எல்லாம் சேர்த்து 400 ஜிபி தாண்டினால் வேகம் குறையும். ஐந்து வருட ஒப்பந்தம், பிளாக்குக்கு இந்த ஒரே கம்பெனி. மேனேஜ்மென்டுக்கும் மாதம் ஒரு தொகை தருவார்கள், லிஃப்ட் பழுதுக்கு உதவும்.

முனியாண்டி அங்கிள் (3-4): லிஃப்டா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

புவனா அக்கா (10-3): எந்த நாலு ஆப்?

செயலாளர் சேகர் (6-6): அவர்களுடைய சொந்த டிவி ஆப், ஒரு பெரிய வீடியோ ஆப், ஒரு பாட்டு ஆப், ஒரு சமூக ஊடகம்.

லோகா டீச்சர் (8-2): டெலிமா இல்லையா? பள்ளிப் பாடம் எல்லாம் அதில்தானே போகிறது.

புவனா அக்கா (10-3): நான் சேலை லைவ் போடுவது அந்த நாலில் இல்லை. ஒரு லைவ் மூன்று மணி நேரம். தீபாவளி மாதத்தில் தினமும். 400 ஜிபி எந்த மூலைக்கு?

முனியாண்டி அங்கிள் (3-4): வீட்டுக்காரம்மா சீரியல் பார்க்கும் சைட்?

செயலாளர் சேகர் (6-6): அது எதில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை அங்கிள்.

முனியாண்டி அங்கிள் (3-4): அப்படியென்றால் கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

கவின் (11-5): சேகர் அண்ணே, அந்த ஈப்போ மெசேஜைவிட இதுதான் ஆபத்து. யாரும் எதையும் தடுக்கப் போவதில்லை. நாலை இலவசமாக்கிவிட்டு மற்றதை நொண்ட விடுவார்கள், நாமே அந்த நாலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். புதிதாக ஒரு தமிழ்ப் பையன் ஆப் செய்தால் அதைத் திறந்து பார்க்கவே யோசிப்போம், கணக்கில் ஏறுமே என்று. இந்தியாவில் இதே சண்டை நடந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்றது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. பிறகு ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுத்தது. ஏழைகளுக்கு உதவி என்று ஊரெல்லாம் விளம்பரம். 2016 பிப்ரவரியில் அங்கத்தித் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், எந்தத் தளம் என்று பார்த்து வேறு வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று விதி போட்டது. ஃப்ரீ பேசிக்ஸ் அங்கே அத்தோடு முடிந்தது.

ராஜூ அங்கிள் (5-1): காசில்லாதவனுக்கு ஓசியில் கிடைத்த நாலு தளமும் போய்விட்டது. அதையும் சொல் தம்பி.

கவின் (11-5): சொல்லலாம் அங்கிள். டேட்டா விலையே குறைந்தால் அவனுக்கு நாலு தளம் போதும் என்ற நிலை வராது. அந்த வருடம் செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்து விலையைக் கீழே இறக்கியது. போட்டி செய்த வேலை அது. இங்கே ஐந்து வருடம் ஒரே கம்பெனி என்றால் போட்டிக்கு எங்கே போவது?

லோகா டீச்சர் (8-2): நம் நாட்டில் இதற்குச் சட்டம் கிடையாதா?

கவின் (11-5): இந்தப் பெயரில் தனிச் சட்டம் இல்லை டீச்சர். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 3(3)இல், இந்தச் சட்டம் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுதியிருந்தும் 2015இல் சரவாக் ரிப்போர்ட் செய்தித் தளத்தை மூடினார்கள், 2016இல் மீடியம் தளத்தை. அது அரசாங்கம் மூடியது, கம்பெனி மெதுவாக்கியது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் கதவு ஒன்றுதான், கம்பெனியின் கையில் இருக்கும் கருவிகள்.

கவின் (11-5): 2024 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். கூகுளின் 8.8.8.8 மாதிரி வெளி டிஎன்எஸ் போட்டிருந்தாலும், கேள்வியைத் தங்கள் டிஎன்எஸ்ஸுக்கே திருப்பிவிடச் சொல்லிக் கம்பெனிகளுக்கு நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் எம்சிஎம்சி உத்தரவு போட்டது. சூதாட்டத் தளங்களைத் தடுக்க என்றார்கள். மக்கள் கத்தியதும் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் நிறுத்தச் சொன்னார்.

ஆதவன் (9-1): அன்றைக்கு ரெடிட் முழுக்க அதே பேச்சு 😂

புவனா அக்கா (10-3): மெதுவாக்கினால் நமக்கு எப்படித் தெரியும்? கேட்டால் "உங்கள் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்" என்பார்கள்.

கவின் (11-5): அதுதான் சிக்கல் அக்கா. 2007இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற லைன் கம்பெனி, ஆட்கள் தங்களுக்குள் கோப்பு பகிரும் பிட்டோரன்ட்டில் போகும் கோப்புகளை நடுவில் வெட்டிவிட்டது. பழைய பாட்டுகள் பகிர்ந்துகொண்டிருந்த ராப் டோபோல்ஸ்கி என்பவர்தான் கண்டுபிடித்தார். ஏபி செய்தி நிறுவனம் சோதித்துப் பார்க்க பைபிளை அனுப்பியது. பைபிளும் போகவில்லை! அதற்கு அப்புறம்தான் விஷயம் பெரிதானது.

கவின் (11-5): நீங்கள் செய்யக்கூடியது: முதலில் ஸ்பீட்டெஸ்ட், உடனே ஃபாஸ்ட்.காம். முதலாவதைக் கம்பெனிகள் நல்லபடி ஓடவிடலாம், அதில் மார்க் வாங்க வேண்டுமே. இரண்டாவது நெட்ஃபிளிக்ஸ் சர்வரிலிருந்து வருகிறது. பெரிய வித்தியாசம் இருந்தால் விபிஎன் (உள்ளே என்ன போகிறது என்று லைன்காரருக்குத் தெரியாமல் மறைப்பது) போட்டுத் திரும்ப ஓட்டுங்கள். விபிஎன்னில் வேகம் ஏறினால், உள்ளே யாரோ சரக்கைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ராஜூ அங்கிள் (5-1): நாலு ஆப் விஷயத்தில் நான் இன்னும் கவின் பக்கம் வரவில்லை. 59 வெள்ளி நல்ல விலை. ஆனால் ஐந்து வருடம் ஒரே கம்பெனி என்பதற்கு நான் கை தூக்க மாட்டேன். லைன் செத்தால் யாரிடம் போவது?

கவின் (11-5): அது போதும் அங்கிள். சேகர் அண்ணே, ரைசர் ரூம் (கேபிள் மேலே ஏறும் அறை) சாவி மற்ற கம்பெனிக்கும் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். 400 தாண்டினால் வேகம் எத்தனைக்கு இறங்கும், அந்த நாலு ஆப்பை இடையில் மாற்றலாமா, அதையும். வாயால் சொன்னதெல்லாம் வேண்டாம்.

செயலாளர் சேகர் (6-6): நீயே ஏஜிஎம்முக்கு வந்து கேளேன்லா.

கவின் (11-5): நைட் ஷிஃப்ட் அண்ணே.

புவனா அக்கா (10-3): இப்போது ஓட்டிப் பார்த்தேன். ஸ்பீட்டெஸ்ட் 96. ஃபாஸ்ட் 31. விபிஎன்னில் 78.

கவின் (11-5): ஒரு தடவை போதாது அக்கா. வைஃபை வேண்டாம், மோடத்திலிருந்து கேபிள் போட்டு, காலையிலும் ராத்திரியிலும் சில நாள் எடுத்துப் படத்தை அனுப்புங்கள். விபிஎன் வேறு பாதையில் போவதாலும் இப்படி ஆகலாம்.

செயலாளர் சேகர் (6-6): எந்தக் கம்பெனி லைன் அக்கா?

புவனா அக்கா (10-3): பெயர் இங்கே எதற்கு? உங்களிடம் வந்து பேசிவிட்டுப் போனவர்கள்தான்.

செயலாளர் சேகர் (6-6): ஓ.

செயலாளர் சேகர் (6-6): ஒப்பந்த நகல் முழுதாகக் கைக்கு வராமல் இதை ஏஜிஎம்மில் வைக்கவில்லை. நாளைக்குக் காலை மெயில் போடுகிறேன். அக்கா, அந்தப் படங்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.