ஸ்கேன் நார்மல்னா தலையில ஒண்ணுமே இல்லையா?

தூரத்துநிலா:
நேத்து வேற ஒரு இழையில கணக்குநேர் எழுதினதை அப்படியே தர்றேன்: "சிடி ஸ்கேன் நார்மல்னா தலையில ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறமும் மாசக்கணக்கா தலைவலிங்கறவங்க வேலைக்குப் போக மனசில்லாதவங்க." இதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல.

எனக்கு அடிபட்டு 22 மாசம் ஆச்சு. கீழ விழுந்த டப்பாவை எடுக்கக் குனிஞ்சேன். நிமிரும்போது திறந்திருந்த அலமாரிக் கதவோட முனை உச்சந்தலையில இடிச்சுது. மயக்கம் இல்ல, ரத்தம் இல்ல. சாயங்காலம் ரெண்டு தடவை வாந்தி. ஸ்கேன் நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் கேஸை அணைச்சுட்டுக் கூடத்துக்கு வர்றதுக்குள்ள, அணைச்சேனாங்கறது மறந்து போகுது. திரும்பப் போய் குமிழைக் கையால தொட்டுப் பார்த்தாதான் மனசு அடங்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா யார் என்ன சொன்னாங்கன்னு பிரியாது. புத்தகத்துமேல ஃபேன் நிழல் சுத்தினா குமட்டும். ஒன்பது வருஷம் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினவ நான். வேலைக்குப் போக மனசில்லாதவளா?

கணக்குநேர்:
பேரைப் போட்டு இழுத்ததுக்கு நன்றி. 12 வருஷமா ஸ்கேன் அறையிலதான் நிக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தலை பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிசா சீவிச் சீவிக் காட்டுற மெஷின் அது. உண்மையிலேயே அடி இருந்தா அதுல ஏன் வரல? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பழையகோலி:
நேர் சொல்றது சரி. நான் பதினெட்டு வருஷம் ஃபுட்பால் கோல்கீப்பர். கம்பத்துல தலை மோதி விழுவோம், முகத்துல தண்ணியைத் தெளிச்சுட்டு மறுபடி நிப்போம். இப்ப கதவு இடிச்சதுக்கு ரெண்டு வருஷம். அதுவும் மயக்கமே போடலையாம்!

தூரத்துநிலா:
பழையகோலி சார், கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்குறது, ஆகுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நினைவு தப்பாது. மயக்கத்தை வெச்சு அளக்காதீங்க. முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா, தண்ணி தெளிச்சு நின்னதைப் பெருமையா எழுதியிருக்க மாட்டீங்க.

நேர், உங்க கேள்விக்குப் பதில். சிடி எதுக்கு எடுக்கிறாங்க? ரத்தக்கசிவு இருக்கா, எலும்பு விரிஞ்சிருக்கான்னு பார்க்க. அவசரமா ஆபரேஷன் வேணுமாங்கறதுதான் அதோட வேலை, அதை அது நல்லாவே செய்யுது. நரம்பிழை ஒவ்வொண்ணும் சுமாரா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தடிமன். மூளை குலுங்கும்போது அந்த இழை இழுபடுது. பொட்டாசியம் வெளிய போகுது, கால்சியம் உள்ள வருது. அதைச் சரிபண்ண அதிகமா குளுக்கோஸ் வேணும், அதே நேரத்துல ரத்த ஓட்டம் குறையுது. இதுல எதை உங்க மெஷின் படம் பிடிக்கும்?

கணக்குநேர்:
சுத்தி வளைக்கறீங்க. பொட்டாசியக் கதையெல்லாம் நாள்கணக்கு, வாரக்கணக்குல அடங்கிடும். பெரும்பாலானவங்க ஒரு மாசத்துல எழுந்துடறாங்க. உங்களுக்கு 22 மாசம். அப்போ ஸ்கேன்ல எதாவது வந்திருக்கணுமே! ஏன் வரல?

தூரத்துநிலா:
பெரும்பாலானவங்கன்னா எல்லாரும் இல்ல. மிச்சம் இருக்கறவங்க எங்க போவாங்க? அடங்குறது ரசாயனம். அதுக்கப்புறம் நிக்கிறது வேற. ரெண்டு கண்ணும் சேர்ந்து குவியறது குலைஞ்சு போகும். உள்காதுல சமநிலை தடுமாறும். கழுத்துத் தசை இறுகும். ஒற்றைத் தலைவலி கிளம்பி நிக்காது. தூக்கம் கெடும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சோதனை இருக்கு.

எனக்குக் கண்டுபிடிச்சது ஒரு பென்சிலாலதான். மூக்குக்கு நேரா மெதுவாக் கிட்ட கொண்டு வரச் சொன்னாங்க. நல்ல கண்ணுக்கு 5, 6 சென்டிமீட்டர் வரைக்கும் ஒத்தையாத் தெரியணும். எனக்கு ஒரு சாண் தூரத்துலயே பென்சில் ரெண்டாப் பிரிஞ்சுது. கை நடுங்கிப்போச்சு. 14 மாசமா வரிகள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறினது என் சோம்பேறித்தனம் இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வெளிய படிக்கட்டுல உக்காந்து அழுதேன்.

கணக்குநேர்:
பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. கண்ணு, காது, கழுத்து. மூளை எங்க? தலையில ஒண்ணும் இல்லன்னுதானே நானும் சொன்னேன். ஸ்கேன் சரி.

தூரத்துநிலா:
கண்ணைக் குவிக்கிறது யாரு, கண்ணாடியா? மூளைதானே! "மனசில்லாதவங்க"ன்னு எழுதினீங்களே, அதுக்கு வாங்க.

சாரல்மழை:
அக்கா, உங்கள் பக்கம்தான் நான். என் மனைவிக்கும் இதே நிலைமை. அடிபட்ட உடனே மூன்று வாரம் இருட்டறையில் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். போன் கிடையாது, பேச்சு கிடையாது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. எல்லோரும் அப்படிச் செய்திருந்தால் இவ்வளவு தூரம் போகாது.

தூரத்துநிலா:
தம்பி, கோவிச்சுக்காதீங்க, அது தப்பு. ஒண்ணு ரெண்டு நாள் அடங்கி இருக்கலாம். அந்த ரெண்டு நாள் போன் திரையைத் தள்ளி வைக்கிறது நல்லதுதான். அதுக்குமேல இருட்டுல கிடந்தா வெளிச்சம் இன்னும் தாங்காமப் போகும், மனசும் இடிஞ்சு போகும். 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. அடிபட்ட இளவயசுக்காரங்கள்ல அஞ்சு நாள் முழு ஓய்வு எடுத்தவங்க, ஒண்ணு ரெண்டு நாள் எடுத்தவங்களைவிட அதிகத் தொந்தரவு சொன்னாங்க. தொந்தரவு கூடாத அளவுக்கு உடற்பயிற்சி ஆரம்பிச்சவங்க சீக்கிரம் தேறினதை 2019ல இன்னொரு ஆய்வு காட்டுச்சு.

சாரல்மழை:
அப்படியென்றால் நான்தான் என் மனைவியைக் கெடுத்தேன் என்கிறீர்களா? தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எங்களுக்குச் சொன்னதை நாங்கள் செய்தோம். ஆய்வு படிப்பது சுலபம் அக்கா.

தூரத்துநிலா:
உங்க அன்பை நான் குறை சொல்லல. என்னையும் ஒரு மாசம் அப்படித்தான் படுக்கப் போட்டாங்க, அதனாலதான் சொல்றேன். இப்பவாவது அவங்களைத் தினம் வெளிய நடக்க வையுங்க.

கணக்குநேர்:
பார்த்தீங்களா, உங்களுக்குள்ளயே ஒத்து வரல. போன வருஷம் மாத்திரை விவாதத்துலயும் இதே கதைதான்.

தூரத்துநிலா:
மாத்திரையை இழுக்காதீங்க. சாதாரண வலி மாத்திரையே மாசத்துல 15 நாளும் அதுக்கு மேலயும் போயிட்டே இருந்தா அதுவே தலைவலியைக் கொடுக்கும்னு அன்னிக்குச் சொன்னேன். "தலைவலி மாத்திரை தலைவலி தருமா"ன்னு கேட்டு பதினஞ்சு பேரைச் சிரிக்க வெச்சீங்க. நான் மறக்கல.

கணக்குநேர்:
அதை நான் ஒத்துக்கவே இல்லையே. இப்பவும் ஒத்துக்கல.

பழையகோலி:
கிரிக்கெட்லயும் இந்தக் கன்கஷன் கூத்துதான். 2020 டிசம்பர், கான்பெராவுல ஆஸ்திரேலியாவோட டி20. ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டுல பட்டுது. மனுஷன் நின்னு ஆடி முடிச்சார். அப்புறம் கன்கஷன்னு சொல்லி அவருக்குப் பதிலா பவுலர் சஹலை இறக்கி மூணு விக்கெட். ஆட்டநாயகனும் அவரே. வசதியா வர்ற தலைசுத்தல்!

தூரத்துநிலா:
ஜடேஜாவை டிரெஸ்ஸிங் ரூம்ல மருத்துவக் குழு பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. அடிபட்ட நிமிஷமே எல்லாம் தெரியணும்னு ஒண்ணும் இல்ல. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். இங்கிலாந்து ஆர்ச்சரோட பந்து கழுத்துல பட்டு ஆஸ்திரேலியாவோட ஸ்மித் விழுந்தார். சோதனை பண்ணினாங்க, தேறினார், திரும்ப வந்து 92ல அவுட் ஆனார். மறுநாள் காலையில தலைவலியோட எழுந்தார். அவருக்குப் பதிலா லபுஷேன் வந்தார். டெஸ்ட்ல முதல் கன்கஷன் மாற்று அவர்தான். முந்தின நாள் சோதனை பொய்யா, ஸ்மித் பொய்யா? ரெண்டும் இல்ல. அடி அப்படித்தான் வேலை செய்யும். ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் புகோவ்ஸ்கி திரும்பத் திரும்பத் தலையில அடிவாங்கி, 2025ல கிரிக்கெட்டையே விட்டுட்டார். அவருக்கு வயசு 27.

பழையகோலி:
ஸ்மித்தும் ஜடேஜாவும் ஒண்ணா? ஸ்மித் சுருண்டு விழுந்தார், ஊரே பார்த்துச்சு. ஜடேஜாகிட்ட பிசியோ ஓடிக்கூட வரல. அதுக்கு என்ன சொல்றீங்க?

சாரல்மழை:
பிசியோ வராதது குழுவின் தவறு. அதை வைத்து ஜடேஜாவைப் பொய்யர் என்பதா? கோலி சார், உங்களுக்கு நடிப்புக்கும் வலிக்கும் வித்தியாசம் தெரியாது. என் மனைவியைப் பற்றியும் இதே இடத்தில் இப்படித்தான் எழுதினீர்கள்.

பழையகோலி:
உங்க மனைவியைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதல. தேடிக் காட்டுங்க.

சாரல்மழை:
பதிவை நீக்கிவிட்டு "காட்டுங்க" என்கிறீர்கள்.

கணக்குநேர்:
கிரிக்கெட்டை விடுங்க. மூணாவது தடவையாக் கேட்கிறேன், ஸ்கேன்ல ஏன் வரல?

தூரத்துநிலா:
மூணு தடவையும் பதில் சொல்லிட்டேன். உங்க மெஷின் பார்க்காததை எல்லாம் இல்லன்னு சொல்ற உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அந்த அறையில நீங்க நிக்கிறதுனாலதான் எனக்கு இவ்வளவு வலிக்குது. ஸ்கேன் எடுத்துட்டு எழுந்திரிக்கும்போது நாங்க முதல்ல உங்க முகத்தைத்தான் பார்ப்போம். "நார்மல்தான், போங்க"ன்னு நீங்க சொல்ற தோரணையைப் பார்த்துத்தான் வீட்டுல இருக்கறவங்க எங்களை நடிக்கிறோம்னு முடிவு பண்றாங்க. என் மாமியார் அந்த ஒத்தைத் தாளைப் பத்து மாசம் எடுத்து எடுத்துக் காட்டினாங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பென்சில் ஏன் ரெண்டாத் தெரிஞ்சுது?

கணக்குநேர்:
ரிப்போர்ட் எழுதுறது டாக்டர், நான் இல்ல. என் முகத்துல குத்தம் கண்டுபிடிக்காதீங்க. பென்சில் உங்க கையில, கண்ணு உங்க கண்ணு, ரெண்டாத் தெரியுதுன்னு சொல்றதும் நீங்க. மெஷின் யார் சொல்றதையும் கேட்காது.

தூரத்துநிலா:
கண்ணு உள்பக்கம் திரும்பி நிக்க முடியாம வெளிப்பக்கம் விலகுறதை எதிர்ல உக்காந்திருக்கறவங்களும் பார்க்கலாம். பென்சில் ரெண்டாப் பிரியுற தூரத்தை அளவுகோல் வெச்சு எழுதினாங்க: 19 சென்டிமீட்டர். ஆறு மாசம் கண் பயிற்சிக்கு அப்புறம் 11. இது யார் சொல்றதைக் கேட்டு மாறுச்சு?

எனக்குத் திரைக்கு 20 நிமிஷம்தான் கணக்கு. அலாரம் ரெண்டு தடவை அடிச்சாச்சு, எழுத்து ஆட ஆரம்பிச்சிருச்சு. இதுக்கு மேல உக்காந்தா நாளைக்குப் பகல் முழுக்கப் படுக்கைதான். 19 எப்படி 11 ஆச்சுன்னு எழுதி வைங்க, நாளைக்கு வந்து படிக்கிறேன்.

பழையகோலி:
சாரல்மழை, நான் எந்தப் பதிவையும் நீக்கல. மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் விட மாட்டேன்.

கணக்குநேர்:
11, 19 எல்லாம் கண் டாக்டர் கணக்கு. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை இங்க போடுங்க, அப்புறம் பேசலாம்.