களை எடுக்கப் போன இடத்தில் கண்டவை: ஆஸ்திரேலியப் புதர்க்காட்டு அனுபவங்கள்

மேற்கு சிட்னியிலிருந்து

பக்கத்து இயற்கைக் காப்பகத்தில் புஷ்கேர் குழுவோடு (உள்ளூர்க் காட்டைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழு) களை எடுக்கப் போகிற தமிழர்கள் நம்மில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. அங்கே கண்ணில் பட்டது, கையில் தட்டுப்பட்டது எதுவானாலும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பகுதி கம்பர்லேண்ட் சமவெளி. வீடுகளும் கிடங்குகளும் வருவதற்கு முன்னால் மேலே யூக்கலிப்டஸ், அடியில் புல் என்று வெளிச்சம் இறங்குகிற காடாக இருந்த இடம். தாருக் என்ற ஆதிகுடி மக்களின் நிலம். அந்தக் காட்டில் இன்று பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மிகக் கடுமையாக அழிந்துவரும் வாழிடம் என்று 2009இல் மத்திய அரசு இதைப் பட்டியலில் சேர்த்தது. மிச்சமும் பெரிய காடாக இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது. அப்படி ஒரு துண்டில்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

காப்பகத்தின் ஓரத்தில் ஆளுயர உண்ணிச்செடி (லன்டானா) புதர் ஒன்று இருந்தது. முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டை மூடிக்கொண்டிருக்கிறதே, அதே செடி. அதை ஊரில் பார்த்து வளர்ந்த எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரே காலையில் மொத்தத்தையும் வெட்டிச் சாய்த்துவிடலாம் என்றேன். எங்கள் மேற்பார்வையாளர் வயதான பெண்மணி. "கொஞ்சம் இரு" என்று கையைப் பிடித்து நிறுத்திப் புதருக்குள்ளே காட்டினார். தேவதை ரென் குருவிகள். ஆணுக்குத் தலையில் பளீரென்ற நீலம், பெண்ணுக்கு மண் நிறம், இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாலைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. முந்தைய ஈட்டில் பொரித்து வளர்ந்த குஞ்சுகளும் கூடவே இருந்து தம்பி தங்கைகளுக்குப் பூச்சி கொண்டுவந்து ஊட்டுமாம். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்.

இந்தச் சின்னக் குருவிகளுக்கு ஒளிய முள்புதர் வேண்டும். உள்ளூர்ப் புதர் போன இடத்தில் உண்ணிச்செடி நிற்கிறது, அதனால் அதில் குடியிருக்கின்றன. ஒரே நாளில் அதை எடுத்தால் நாயும் பூனையும் பெரிய பறவைகளும் குருவிகளை முடித்துவிடும். பக்கத்தில் புர்சாரியா வளர்ந்து அடர்ந்த பிறகு, உண்ணிச்செடியைப் பகுதி பகுதியாக எடுப்பதுதான் முறை. புர்சாரியா இந்த மண்ணின் முள்செடி. கோடையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது அதில் மொய்க்காத பூச்சி இல்லை.

இதற்கெல்லாம் வழிகாட்டியவர்கள் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள். 1960களில் சிட்னியின் மாஸ்மன் பக்கக் காட்டில் கையாலேயே களை எடுத்துப் பார்த்து முறையை வகுத்தவர்கள். நன்றாக இருக்கிற இடத்தில் தொடங்கி மோசமான இடத்தை நோக்கிப் போ, மண்ணை அதிகம் கிளறாதே, செடிகள் திரும்பி வருகிற வேகத்தைத் தாண்டி நீ ஓடாதே. இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. மண்ணுக்குள்ளே வேலமர வகைகளின் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு காத்துக் கிடக்கும். மேலே மூடிய களை போய் வெயிலில் மண் சூடேறினால் அதுவாகவே முளைக்கும். நிறைய இடங்களில் நடவே தேவைப்படுவதில்லை. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அங்கே ஒன்றுமே செய்யாதது போலத் தெரியலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

மத்திய கடற்கரைப் பகுதியிலிருந்து

அக்கா, ரொம்ப நாளாகச் சேர நினைக்கிறேன். வீட்டில் பாம்பு இருக்கும் என்று பயப்படுகிறார்கள். எனக்குச் செடியும் அவ்வளவாகத் தெரியாது. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேற்கு சிட்னியிலிருந்து

தம்பி, பாம்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பும் பழுப்புப் பாம்பும் எங்கள் பக்கம் உண்டு. காலைத் தொப் தொப்பென்று வைத்து நடந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும். கண் பார்க்காத இடத்தில் கையை விடக் கூடாது. மூடிய காலணி, முழு நீளக் கால்சட்டை, தடித்த கையுறை. எந்தப் பாம்பு கடித்தாலும் அசையாமல் இருந்து, அழுத்தக் கட்டுப் போட்டு, அவசர உதவி எண் 000வைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். கட்டுத்துணி எங்கள் முதலுதவிப் பையில் எப்போதும் இருக்கும். பாம்பை அடிப்பது சட்டப்படி குற்றம். அடிக்க யாருக்கும் மனசும் வராது. கரும்பாம்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது நாங்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வேலை பார்த்தோம், அவ்வளவுதான். உண்ணி ஒட்டுகிறதா என்று வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கடற்கரைப் பக்கம் அது அதிகம்.

செடி அடையாளம் போகப் போக வந்துவிடும். நம் ஊர்ச் செடிகளை அறிந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். கானாவாழை தெரியுமல்லவா? அதன் சொந்தக்காரச் செடி ஒன்று இங்கே மண்ணோடு படரும். நீலப் பூ, மூன்று இதழ். இந்த மண்ணின் செடி, தொடக் கூடாது. கப்பலில் வந்து இறங்கிய முதல் வெள்ளைக்காரர்கள் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் வராமல் இருக்க இதைத் தின்றார்களாம். அதே மாதிரி படர்ந்து, வெள்ளைப் பூப் பூப்பது டிராட். தென் அமெரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு வந்து காட்டுக்குள் நுழைந்தது. அதன் தண்டு ஒரு கணு விழுந்தாலும் மறுபடி வேர் பிடிக்கும். பூ இல்லாத பருவத்தில் இரண்டும் பின்னிக் கிடந்தால் இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். டிராட் இலை பளபளவென்று இருக்கும், அடியில் பல சமயம் ஊதா ஓடும்.

அப்புறம் ஆஸ்பராகஸ் ஃபெர்ன். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். மண்ணுக்கடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு இருப்பதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தோண்டி எடுக்கத் தோன்றும். வேண்டாம். அந்த உருண்டைகள் தண்ணீர் சேமிக்கிற பைகள், அவற்றிலிருந்து செடி முளைக்காது. தண்டுகள் புறப்படுகிற நடுக் கட்டையைக் கத்தியால் சுற்றி வெட்டி எடுத்தால் போதும். கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடலாம், மண்ணும் குலையாது.

ஆப்பிரிக்க ஒலிவ் எங்கள் பெரிய தலைவலி. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எல்லா இடத்திலும் போடுகின்றன. அது அடர்ந்த இடத்தில் நிழல் கவிந்து, கீழே ஒரு புல்கூட இருக்காது. இலை நுனி கொக்கி போல் வளைந்திருக்கும், அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும், அதைப் பார்த்தே உறுதி செய்கிறோம். சின்னதைக் கையால் பிடுங்கலாம். பெரியதைத் தரையோடு அறுத்து, சில நொடிக்குள் வெட்டிய முகத்தில் களைக்கொல்லியைத் தடவ வேண்டும். தாமதித்தால் மருந்து உள்ளே இறங்காது, மறுபடி துளிர்த்துவிடும். பயிற்சி இல்லாமல் மருந்தைத் தொட விட மாட்டார்கள், அதனால் முதலில் நீங்கள் செய்யப்போவது கைவேலைதான்.

இன்னொன்று. உதிர்ந்த இலையையும் பட்டையையும் பெருக்கித் தள்ளக் கூடாது. ஒரு யூக்கலிப்டஸ் அடியில் களை எடுக்கும்போது பட்டைக்கு அடியிலிருந்து நத்தை ஒன்று வந்தது. மெல்லிய ஓடு, ஒரே சீரான பழுப்பு, லேசாகப் பச்சை கலந்த மினுமினுப்பு. நம் தோட்டத்தில் திரிகிற நத்தைக்கு ஓடு தடிப்பு, புள்ளி புள்ளியாக இருக்கும். இது கம்பர்லேண்ட் சமவெளி நத்தை. இந்தச் சமவெளியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பட்டையை அது இருந்தபடியே மூடி வைத்தோம். அன்று மீதி வேலை முழுக்க எனக்கு அந்த நத்தை ஞாபகம்தான்.

மெல்பேர்னிலிருந்து

அக்கா குருவியைப் பற்றி எழுதினதைப் படிச்சதும் எனக்கு எங்கட அந்துப்பூச்சி நினைவுக்கு வந்தது. மெல்பேர்னின் மேற்கிலும் வடக்கிலும் முந்தி எரிமலைப் பாறைச் சமவெளிப் புல்வெளி. மரமே பெரிசாக இல்லை. அதனால் ஆட்களுக்கு அது காடாகவே படுவதில்லை, வெறும் காணி என்று நினைத்து வீடு கட்டிவிடுகிறார்கள். நான் இதைச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனேன், ஆனாலும் சொல்லத்தான் வேணும்: அந்தப் புல்லுக்குள் இருக்கிற செடிவகைகளைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

டிசம்பரில், சரியான வெயில் அடிக்கிற மத்தியான நேரம், நாங்கள் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் பொன்னிறச் சூரிய அந்து பறந்தது. பறந்தது எல்லாம் ஆண். பெண் புல்லடியில் இருந்துகொண்டு, ஆண் மேலால் போகும்போது பின் இறக்கையைத் திறந்து காட்டும். பளிச்சென்று பொன் மஞ்சள். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே இல்லை. மண்ணுக்கடியில் புழுவாக இருந்த காலத்தில் சேர்த்ததை வைத்து ஒரு சில நாள் மட்டும் வாழும். என்னோடு வந்த மகள் அசையாமல் குந்தியிருந்து பார்த்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. புழு வாழ்வது புல்லின் வேரில். முக்கியமாக இந்த மண்ணின் வல்லபிப் புல். ஆனால் சிலி ஊசிப்புல் என்ற மோசமான களையின் வேரிலும் அது வாழப் பழகிவிட்டது. அப்ப அந்தக் களையை எடுப்பதா, விடுவதா? எங்கட குழுவில் இதைப் பற்றி நல்ல சூடாகவே கதைத்திருக்கிறோம். அக்கா சொன்ன வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. பக்கத்தில் வல்லபிப் புல் பிடித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேணும்.

இந்த மண்ணின் இன்னொரு புல்லான கங்காரு புல்லையும் சும்மா விட்டால் நல்லதென்று இல்லை. சில வருடம் எரியாமல் இருந்தால் பழைய தாள் தன்மேலேயே படிந்து மூச்சுத் திணறிச் சாகும், இடையில் பூச்செடியும் வராது. இந்த மண்ணின் மக்கள் காலங்காலமாக அளவாக நெருப்பு வைத்துப் பார்த்துக்கொண்டது அதனால்தான். இப்ப சில இடங்களில் அவர்களோடு சேர்ந்து திரும்பவும் எரிக்கிறார்கள். எரித்த நிலத்தில் அடுத்த வசந்தத்தில் வருகிற பூவைப் போய்ப் பாருங்கள்.

பெர்த்திலிருந்து

எங்கள் பக்கம் வேறு மாதிரி. இங்கே முதல் எதிரி கண்ணுக்குத் தெரியாது. பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி, மண்ணோடு மண்ணாகப் பரவுகிறது. இந்த மண்ணின் பாங்க்சியா மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்து போகும். பாங்க்சியா போனால் கார்னபி கருங்கிளிக்குச் சாப்பாடு போச்சு. அந்தப் பெரிய கிளிகள் கூட்டமாக வந்து கூம்பைக் கடித்து விதை எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே பக்கத்து மரத்தடியில் வெல்ட் புல் என்ற களையைப் பிடுங்கியிருக்கிறேன். அந்தப் புல்லை எடுப்பதும் அவற்றுக்காகத்தான். கோடையில் அது காய்ந்து கிடந்தால் நெருப்பு மரத்துக்கு ஏறிவிடும்.

குளிர்கால மழை பிடித்ததும் நடவு தொடங்கும், இந்தப் பக்கம் இருப்பவர்கள் அப்போது வாருங்கள். அந்தக் கிருமி காலணியோடு பரவாமல் இருக்க, வாசலில் தூரிகையும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளிப்பானும் வைத்திருப்பார்கள். முதலில் காலணி அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டித் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் தெளிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் உள்ளே போகாது. மண்வெட்டி சொந்தமாகக் கொண்டுவந்தால் அதற்கும் இதே வேலை.